பழைய பாணி நிலவறை ஆட்டம்: முதலில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி
வணக்கம். நாங்கள் ஐவர் ஓராண்டாக, ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடி வருகிறோம். ஒரு சண்டை தொடங்கினால் அன்றைய மாலை முழுவதும் அதிலேயே கழிந்துவிடுகிறது. பாத்திரங்கள் எளிதில் சாவதில்லை என்பதால் அச்சமும் இல்லை. 1980களின் பாணியில் ஆடிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ், பேசிக் ஃபேன்டசி, டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் ஆகிய பழைய பாணி ஆட்டங்களில் எதில் தொடங்குவது? அதிகம் செலவிட இயலாது. ஆட்டத்தை நடத்தப் போகிறவன் நான்தான்.

மறுமொழி 1
பேசிக் ஃபேன்டசியைப் பரிந்துரைக்கிறேன். 2007இல் வந்த இதன் மின்நூல் முற்றிலும் இலவசம். கவச எண் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்ற கணக்கும், பாத்திரத்தின் இனத்தையும் (மனிதன், குள்ளன் போன்றவை) தொழிலையும் (வீரன், மந்திரவாதி போன்றவை) தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் தங்களுக்கு ஏற்கெனவே பழகியவை.

மறுமொழி 2
பழகியது என்பதையே காரணமாகக் கொண்டால் எதற்காக மாற வேண்டும்? பேசிக் ஃபேன்டசியில் புதையலுக்கு அனுபவப் புள்ளி (பாத்திரத்தின் நிலையை உயர்த்தும் புள்ளி) தருவது விருப்ப விதி மட்டுமே. எனக்கோ அதுதான் இந்தப் பாணியின் உயிர்நாடி. ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ், மோல்ட்வேயும் குக்கும் தொகுத்த 1981ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைத் தெளிவாக மறுபடி அடுக்கித் தருகிறது. அதன்படி காப்ளின் என்னும் குட்டிப் பூதம் ஒன்றைக் கொன்றால் கிடைப்பது 5 புள்ளி. அது காத்து நிற்கும் 300 தங்கக் காசுகளை வெளியே கொண்டுவந்து சேர்த்தால் 300 புள்ளி. இரண்டாம் நிலையை எட்ட வீரனுக்கு 2,000 புள்ளிகள் வேண்டும் என்னும்போது, வாளை உருவுவதைவிட ஏமாற்றுவதும், பேரம் பேசுவதும், பின்வாசலைத் தேடுவதுமே இலாபம் என்பதை ஆடுகிறவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

தீப்பந்தக் கணக்கைத் தயவுசெய்து தளர்த்திவிடாதீர்கள். கதைக்குள் கழியும் பத்து நிமிடம் ஒரு சுற்று. ஆறு சுற்றில் ஒரு பந்தம் எரிந்து முடியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உருட்டும் ஆறுமுகப் பகடையில் ஒன்று விழுந்தால் அலைந்து திரியும் ஏதோ ஓர் அரக்க உயிர் வந்து சேரும். எங்கள் மேசையில் ஒருமுறை, கடைசிப் பந்தத்தின் ஐந்தாம் சுற்றில், பூட்டிய பெட்டியைத் திறப்பதா படியேறுவதா என்று நால்வரும் கால் மணி நேரம் வாதாடினர். அன்று சண்டையே நடக்கவில்லை. ஆனால் இன்றும் அதைத்தான் பேசுகிறார்கள். ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸுக்கும் அடிப்படை விதிகள் இலவச மின்நூலாக உண்டு.

மறுமொழி 3
டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஆளுக்கு மூன்று நான்கு பூச்சிய நிலைக் குடியானவர்களைக் கொடுத்து, பிழைத்தவரை மட்டும் வளர்க்கும் அதன் தொடக்க ஆட்டம் அபாரமானது. ஆயினும் ஏழுமுகம், பதினான்குமுகம் என வழக்கத்தில் இல்லாத பகடைகளைத் தேடி வாங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. மறுமொழி 2 கூறியபடியே தொடங்குகிறேன். ஓர் ஐயம்: உயிர்ப் புள்ளிக்கு ஒரே ஒரு நான்குமுகப் பகடையை உருட்டும் மந்திரவாதி, ஒரே ஒரு மந்திரத்தை வைத்துக்கொண்டு முதல் நாளை எப்படிக் கடப்பார்?

மறுமொழி 2
கூலிக்கு இரண்டு ஈட்டிக்காரர்களை அமர்த்தி, அவர்களுக்குப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். அந்த ஒரே மந்திரம் உறக்க மந்திரமாக இருக்கட்டும்.