பட்டையுரிப்பா, பட்டையுரிவா? – சுழல்காற்றுச் சேதச் சொற்கள்

> காற்றில் மரப்பட்டை கழன்றுபோவதற்குப் 'பட்டையுரிப்பு' என்றே வைத்துவிடலாம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வணக்கம் ஐயா,

சுழல்காற்று (டொர்னேடோ) விட்டுச்செல்லும் சேதங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் நீங்கள் முன்வைத்த சொற்களை மேற்கோளிட்டுப் பதில் சொல்கிறேன். விளக்க வேண்டியதில்லைதான். ஆனால் உரித்தல் பிறவினை. உரித்தது எது என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது போன்ற தொனி அதில் இருக்கிறது. சேதத்தை மதிப்பிடப் போகிறவருக்கோ அதுதான் இன்னும் தெரியாதது. காற்று மட்டுமே செய்ததா, காற்றோடு பறந்து வந்த தகரமும் மணலும் மோதித் தேய்த்தனவா? ஆகவே 'பட்டையுரிவு' என்று தன்வினையில் வைக்கலாம் என்பது என் கருத்து.

இதை இலக்கணப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சுழல்காற்றின் வலிமையைத் தரப்படுத்த 1971இல் வானிலை ஆய்வாளர் ஃபுஜிட்டா வகுத்த அளவுகோலும் சரி, அமெரிக்காவில் 2007 முதல் வழங்கிவரும் அதன் மேம்பட்ட வடிவமும் சரி, காற்றை நேரடியாக அளப்பதில்லை. எஞ்சிக் கிடப்பதைப் பார்த்து வேகத்தை ஊகிக்கின்றன. மேம்பட்ட வடிவத்தில் 28 'சேதச் சுட்டிகள்', அதாவது சேதத்தைப் பார்த்து வேகத்தை ஊகிப்பதற்கான கட்டடம், மரம் போன்ற பொருள் வகைகள், உள்ளன (இந்தச் சொல் எனக்கு முழு உடன்பாடு). அவற்றில் இரண்டே இரண்டு மரங்களுக்கு உரியவை: வன்மரம், மென்மரம். வன்மரம் பட்டை உரிந்து, பெருங்கிளைகளின் அடிக்கட்டைகள் மட்டும் நின்றால் எதிர்பார்க்கப்படும் வேகம் மணிக்குச் சுமார் 230 கி.மீ. உச்சப் படிநிலையான ஐந்துக்கோ 322 கி.மீ.க்கு மேல் வேண்டும். மரத்தை மட்டும் வைத்து அந்தப் படிநிலையைக் கொடுத்துவிட முடியாது.

> வீடு முழுவதும் போய்க் கான்கிரீட் தளம் மட்டும் மிஞ்சினால் 'அடித்தளத் துடைப்பு'.

இங்கும் அதே சிக்கல். துடைத்தது காற்று என்று முடிவுகட்டும் முன், மதிப்பீட்டாளர் குனிந்து, சுவரை அடித்தளத்தோடு பிணைக்கும் நங்கூர போல்ட்டுகளைத் தேடுகிறார். அவற்றில் நட்டும் வாஷரும் இருந்தனவா, அல்லது சுவரை வெறும் ஆணியில் நிறுத்தியிருந்தார்களா? ஆணியில் நின்ற வீடு குறைந்த வேகத்திலேயே கிளம்பிவிடும். தளம் இரண்டு இடத்திலும் ஒரேபோல வெறுமையாகத்தான் இருக்கும். 'வெற்றுத்தளம்' என்றால் போதும்; காரணத்தை அறிக்கை சொல்லட்டும்.

புல்லும் மேல்மண்ணும் பெயர்ந்துபோவதற்கு வந்த பரிந்துரைகளில் 'நிலச்சுரண்டல்' வேண்டவே வேண்டாம். நில அபகரிப்புச் செய்தியின் தலைப்பு போல இருக்கிறது. 'மண்ணரிப்பு' ஏற்கெனவே மழைக்கும் ஆற்றுக்கும் சொந்தமாகிவிட்டது. பட்டையுரிவுக்கு இணையாகத் 'தரையுரிவு' என்று வைக்கலாம். 1997 மே 27 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஜாரெலில் வீசிய சுழல்காற்றில் புல்லும் மண்ணும் மட்டுமல்ல, சாலையின் தாரும் பெயர்ந்தது. 'தரை' என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது. அந்தச் சுழல்காற்று மிக மெதுவாக நகர்ந்ததால் ஒரே இடத்தை நெடுநேரம் அறைந்தது. எனவே உரிவு எவ்வளவு ஆழம் என்பதிலிருந்து நேராக வேகத்துக்குத் தாவ முடியாது. தன்வினையை நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

'சூறாவளி'யைப் பற்றி மீண்டும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது புயலுக்கும் வழங்குகிறது; 'சுழல்காற்று' இருக்கட்டும்.

ஒன்று பாக்கி. நொறுங்கிய பொருள்கள் காற்றோட்டத்தின் திசையில் நீளநீளமாகக் கோடிட்டுக் கிடக்குமே, அதற்கு என்ன பெயர்? 'இடிபாட்டு வரி' என்றால் அரசாங்கம் வசூலிப்பது போலத் தோன்றுகிறது. 'இடிபாட்டு வரிசை' என்றால் யாரோ அடுக்கிவைத்த தொனி. 'இடிபாட்டுக் கீற்று' சரிவருமா?