கண்மாயில் முழுகி வந்த சித்தப்பா: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

பள்ளத்தூரான்:
சித்தப்பா கல்யாண வீடுகளுக்குச் சமையல் மாஸ்டர். குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். காரைக்குடிப் பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனார், இரட்சிக்கப்பட்டேன் என்றார், ஐப்பசியில் கண்மாயில் முழுக்கு ஞானஸ்நானம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

அன்று மத்தியானம் ஈர வேட்டியோடு நேராக வந்து நின்றார். அம்மா திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "மதினி, உங்க தோட்டை நான்தான் எடுத்தேன்" என்று ஒரு அடகு ரசீதை நீட்டினார். ஆள் சொட்டச் சொட்ட நிற்கிறார், ரசீதில் ஒரு பொட்டு ஈரமில்லை. நாலாக மடித்து பாலிதீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார். தோடு எப்போதோ ஏலத்தில் போய்விட்டது. அம்மா அழுதார், அவரும் அழுதார்.

அந்தத் தோட்டுக்காகப் புளிய விளாறால் அடி வாங்கியவன் நான், ஏழாம் வகுப்பில். அன்றைக்கு நடுவில் விழுந்து தடுத்ததே சித்தப்பாதான்! ஈர வேட்டியோடு வந்த நாளில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவருக்குப் பழையவை ஒழிந்துபோயின, சரி. எனக்கு?

ரஸ்தாக்காரன்:
நாங்கள் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். டீக்கடையில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க எந்தத் தேதியில மறுபடி பிறந்தீங்க?" கைக்குழந்தையாக இருந்தபோது கொடுத்த திருமுழுக்குத் தேதியைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், இன்னும் உறுத்துகிறது. மறுபடி பிறக்க வேண்டும் என்று யோவான் நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறாரே, அங்கே 'மறுபடி' என்று வரும் கிரேக்கச் சொல்லுக்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். இயேசுவிடம் பேச வந்த நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டுதான் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போக முடியுமா என்று கேட்கிறார். தேதி கேட்பவர்களும் அந்தக் கட்சிதான்.

பள்ளத்தூராருக்கு ஒன்று. ஓரியூர் போயிருப்பீர்கள், பாதிரியார் அருளானந்தர் கொல்லப்பட்ட ஊர். மறவர் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அதில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. அவள் முறையிட்டதில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை போனது அருளானந்தருக்கு. அவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று நானும் கேட்டதில்லை, உங்கள் பதிவைப் படிக்கும்வரை.

செக்காலைவாசி:
ரஸ்தா அண்ணே, தேதி கேட்டது தப்புதான், ஆனால் குழந்தைக்கு என்ன தெரியும்? மனந்திரும்புகிறவன்தானே மறுபடி பிறக்கிறான். எங்களுக்குத் தண்ணீர் வெளியே காட்டும் சாட்சி மட்டும். என்னை முக்கியபோது மூக்கில் தண்ணீர் ஏறி இருமினேன், அவ்வளவுதான், வானம் ஒன்றும் திறக்கவில்லை. அந்தச் சித்தப்பா ரசீதைப் பையில் சுற்றினாரே, அந்த நிமிடமே பிறந்துவிட்டார் என்பேன்.

கண்டனூர் அக்கா:
என் வீட்டுக்காரரும் இப்படித்தான், கூட்டத்தில் கைதூக்கினார், அன்றே பாட்டிலை உடைத்தார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார், சுவரில் ஒன்றுமில்லை. பேய் என்று ஜெபிக்க வந்தார்கள். நான் ஆட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாளில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்து. அதனால் யார் வீட்டில் யார் இரட்சிக்கப்பட்டாலும் ஜெபம் ஒரு பக்கம் நடக்கட்டும், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் வயிற்றில் விடாதீர்கள். தனியாகப் படுக்க வைக்காதீர்கள். உபவாசம் இருக்கச் சொன்னால் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள், பாஸ்டர் கோபித்தாலும் பரவாயில்லை. அப்புறம் தம்பி, மனசில் வைக்காமல் சித்தப்பாவிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.

பள்ளத்தூரான்:
அக்கா, அவர் தவறி நாலு வருஷம் ஆகிறது. ஆனால் குடித்துச் சாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செக்காலை அண்ணன் சொன்ன அந்த நிமிடத்தைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரசீதை அத்தனை வருஷம் கிழித்துப் போடாமல் எதற்கு வைத்திருந்தார்? அம்மாவிடம் கேட்டேன். "பேசாம சாப்பிடுடா" என்றார்.