யார் வழியில் வந்தது இந்த இழுப்பு? மூச்சை ஊதிப் பரிசோதித்தவர்களின் அனுபவங்கள்

மன்னார்குடி உறுப்பினர்:
வீட்டில் வழிவழியாக ஆஸ்துமா இருப்பவர்களும், மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அளக்கும் பரிசோதனை செய்துகொண்டவர்களும் இங்கே எழுதுங்கள். குடும்பத்தில் யாருக்கு இழுப்பு இருந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள் என்று சொல்லத்தான் நான் தொடங்கிவைக்கிறேன்.

தை பிறந்தால் என் மகளுக்கு இழுப்பும் வந்துவிடும். சம்பா அறுவடைக்கு இயந்திரம் இறங்கியதும் நெல் சுணை தெரு வரை பறக்கும்; அந்த இரவுகளில் அவள் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். அவள் தம்பியோ வைக்கோல் போரில் புரண்டுவிட்டு வந்தாலும் நாலு தும்மலோடு சரி. “உன் பிறந்த வீட்டுச் சீதனம்” என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். என் அப்பாவுக்கு இழுப்பு உண்டு என்பதால் நானும் எதிர்த்துப் பேசவில்லை.

தஞ்சாவூரில் நுரையீரல் மருத்துவர் இரண்டு பக்கத்து உறவுகளையும் விசாரித்தார். “எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது” என்றார் மாமியார். “ஏனம்மா, அத்தைக்கு இருந்ததே!” என்றார் என் கணவர். கல்யாணம் பேசியபோது மறைத்த செய்தி, அத்தை பேரன் பேத்தி எடுத்த பிறகும் வெளியே வரவில்லை. இழுப்புள்ள பெண் என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதனால் அவதிப்படுவது குழந்தைகள் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

பரிசோதனை எளிதுதான். மூச்சை முழுவதும் விட்டுவிட்டு, கருவியின் வாய்க்குழாய் வழியாக ஆழமாக இழுத்து, ஒரே சீராக ஊத வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து விநாடி, சிறு பிள்ளைகளுக்கு ஆறு. வேகமாக ஊதினால் அளவு குறைந்து காட்டும். மகளுக்கு 62 வந்தது. நூறு கோடிப் பங்கில் இத்தனை பங்கு என்று கணக்கு. குழந்தைகளுக்கு 20-க்குக் கீழே இருந்தால் குறைவு, 35-க்கு மேலே போனால் அதிகம். பெரியவர்களுக்கு அந்த எல்லைகள் 25, 50. அதிகமாக இருந்தால் மூச்சுக்குழாயில் ஒவ்வாமை வகை அழற்சி இருக்கலாம். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து பலன் தரும் வாய்ப்பும் அதிகம்.

எங்களைத் திகைக்க வைத்தது மகனின் அளவு. இழுப்பே வராத பையனுக்கு 41! மூச்சுத் திறன் சோதனை சரியாக இருந்ததால் மருத்துவர் அவனுக்கு இன்ஹேலர் எழுதவில்லை, மூக்கு ஒவ்வாமைக்கு மட்டும் மருந்து கொடுத்தார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இருவருக்கும் அளவு அதிகம், ஒருத்திக்கு மட்டும் நோய். இது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம் உறுப்பினர்:
உங்கள் மகனுக்கு நேர்மாறு என் கதை, அம்மா. அரிசி ஆலையில் தவிட்டுத் தூசியிலேயே காலம் போயிற்று, இழுப்பு கடுமை. ஆனால் அளவு 14 தான். என்னைப் போல் புகை பிடிப்பவர்களுக்கு இது இறங்கிக் காட்டும் என்றார் மருத்துவர். குறைந்த அளவைப் பார்த்து நோயில்லை என்று யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

பாபநாசம் உறுப்பினர்:
சோதனைக்கு முன் கீரை, பீட்ரூட் சாப்பிடக் கூடாது, அவற்றிலுள்ள நைட்ரேட் அளவை ஏற்றிவிடும். எங்களிடம் யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. முளைக்கீரை மசியலோடு சாப்பிட்டுப் போனோம், வேறு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நோயாளியை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லக் கூடாதா?

திருவாரூர் உறுப்பினர்:
கல்லூரியில் உயிரியல் கற்பிக்கிறேன். மன்னார்குடித் தோழியின் கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூச்சுக்குழாயின் உட்புறச் செல்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகின்றன. ஒவ்வாமை அழற்சியில் இன்டர்லூக்கின்-13 போன்ற, செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்கள் அதற்கான நொதியைத் தூண்டிவிடுவதால் அளவு ஏறுகிறது. அந்த நொதிக்கான என்ஓஎஸ்2 மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆளுக்கு ஆள் இந்த அளவு வேறுபடுவதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மரபணுக்களால் என்று நார்வே இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் சொன்னது.

உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துவது 2014-இல் வெளியான குழந்தைகள் ஆய்வு. அளவோடு தொடர்புள்ள மூன்று மரபணு வேறுபாடுகள் கிடைத்தன, மூன்றும் 17-ஆம் குரோமோசோமிலேயே. ஆனால் என்ஓஎஸ்2 பகுதியில் இருந்த இரண்டுக்கும் ஆஸ்துமாவோடு தொடர்பு தெரியவில்லை. ஜிஎஸ்டிஎம்பி என்ற வேறொரு மரபணுவுக்கு அருகில் இருந்த ஒன்றுக்கு மட்டும் தெரிந்தது. வாயுவின் அளவை ஏற்றும் மரபணு எல்லாம் நோயைத் தருவதில்லை. உங்கள் மகனுக்கு எந்த வேறுபாடு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவனுடைய மூக்கு ஒவ்வாமையே அளவை ஏற்றியிருக்கலாம்.

இன்னொன்று. ஆஸ்துமா ஒரே மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாக, தாய் வழியிலும் தந்தை வழியிலும் சேர்கின்றன. சுணையும் புகையும் அவற்றின் மேல் வந்து விழுகின்றன. மருமகள் மேல் பழி போட இதில் இடமே இல்லை.

மன்னார்குடி உறுப்பினர்:
மிக்க நன்றி ஐயா. மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அத்தையின் பேத்திக்கும் இரவில் இருமல் இருக்கிறதாம், அவரே இப்போதுதான் சொல்கிறார். அவர்கள் வேதாரண்யம் பக்கம். நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ இந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். தஞ்சாவூர் வரை குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம் என்று பார்க்கிறோம்.