எதைக் காட்டினாலும் 'பச்சை' என்கிறான், நிறம் பிரிக்க எப்படிப் பழக்குவது?

தேயிலைக்காட்டு அம்மா (கோத்தகிரி பக்கம்)

பையனுக்கு வரும் ஜூனில் மூன்று வயது முடிகிறது. எதைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டாலும் 'பச்சை' என்கிறான். சுற்றிலும் தேயிலைதானே, அதுதான் முதலில் வாயில் வந்திருக்கிறது என்று அவன் அப்பா சிரிக்கிறார். என்னால் அப்படி விட முடியவில்லை. என் அப்பாவுக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் குழம்பும், டிரைவர் வேலைக்குப் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது.

சந்தையிலிருந்து வந்த காரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் தரையில் கொட்டி நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் தப்பில்லாமல் பிரிக்கிறான். ஆனால் சிவப்பிலும் நீலத்திலும் பந்து, டம்ளர் வைத்தால் பந்தெல்லாம் ஒரு பக்கம், டம்ளரெல்லாம் இன்னொரு பக்கம் போகிறது. கண்ணில் கோளாறா, பேர்தான் தெரியவில்லையா? கையால் எடுத்து வைத்து விளையாடுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள், மொபைல் ஆப் வேண்டாம். பாட்டி நீலத்தை ஊதா என்பார், அக்கா பையன் ப்ளூ என்பான், அந்தக் கூத்து வேறு.

மலைக்காத்து

எல்லாம் தானாக வரும், பயப்படாதீங்க. எங்கள் வீட்டில் பல்லாங்குழிப் பலகையில் குன்றிமணி, மஞ்சாடி, சட்டைப் பட்டன் எல்லாம் கலந்து போட்டுப் பிரிக்கச் சொல்வோம். பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

பால்வாடி டீச்சர் (குன்னூர்)

அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். அது விஷ விதை. தோல் கெட்டி என்பதால் முழுதாக விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும், மென்றுவிட்டாலோ கோர்ப்பதற்குத் துளை போட்ட மணியாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. மஞ்சாடியும் பட்டனும் இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். பூப் பறித்துப் பிரிக்கலாமே என்று அடுத்து யாராவது எழுதுவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன்: உண்ணிச்செடியின் பச்சைக் காயும், வேலியோரம் நீளக் குழலாகத் தொங்குமே ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட், அதுவும் விஷம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா, உங்கள் பையன் காய்களை நிறம் பார்த்துப் பிரிக்கவில்லை, இது காரட், இது பீன்ஸ் என்று பிரிக்கிறான். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே பிரித்துவிடுவான். பந்து டம்ளர் கதையும் அதேதான், சின்னப் பிள்ளைக்குப் பொருள்தான் முதலில் படும், நிறம் அப்புறம். அதனால் நிறம் ஒன்று மட்டும் மாறி, அளவு, வடிவம், தொடும்போது இருக்கிற மெதுமை எல்லாம் ஒன்றாக இருக்கிற சாமான் வேண்டும். ஸ்வெட்டர் பின்னி மிச்சமான உல்லன் நூல் நம் ஊரில் எந்த வீட்டில் இல்லை? எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டை சுற்றி நுனியை உள்ளே விட்டுத் தைத்துவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் எடுத்து ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம் என்று ஒவ்வோர் உருண்டையை நீங்களே போட்டு வையுங்கள், மிச்சத்தை ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்து 'இது எந்த வீட்டுக்குப் போகும்?' என்று கேளுங்கள். பேர் கேட்கவே வேண்டாம். தப்பாகப் போட்டால் 'ஐயோ தப்பு' என்று பிடுங்காதீர்கள், அடுத்ததை நீங்கள் சரியான கிண்ணத்தில் போடுங்கள், பார்த்துக்கொண்டேதான் இருப்பான். கை பழகினதும் மஞ்சள். ஆரஞ்சைச் சிவப்புக்குப் பக்கத்தில் இப்போதைக்குக் கொண்டுவராதீர்கள்.

மூடுபனி நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இதைச் செய்யாதீர்கள். கருநீலமும் கறுப்பும் பெரியவர்களுக்கே பிடிபடாது. வெளிச்சம் இருக்கிற பகலில் வாசலில் உட்காருங்கள்.

பண்ணைக்காட்டான்

டீச்சர் சொன்னதைத்தான், சின்னப் பிள்ளைகள் சாமான்களைக் கையாண்டே படிக்கிற மாண்டிசோரி கல்விமுறையில் பெட்டியாகவே செய்து வைத்திருக்கிறார்கள். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1944 வரை, எங்கள் கொடைக்கானலில்தான் இருந்தார், இதைச் சொல்ல எனக்குச் சாக்கு கிடைப்பதே அபூர்வம். நிறப்பலகைகள் எல்லாம் ஒரே அளவு. முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஜோடி, இரண்டாவதில் 11 ஜோடி, மூன்றாவதில் 9 நிறம், ஒவ்வொன்றிலும் 7 சாயல், அடர்த்தியிலிருந்து வெளிறியது வரை வரிசையாக அடுக்க வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பெயின்ட் கடைக்காரரிடம் பழைய நிற அட்டை கேட்டு வாங்கி ஒரே அளவாக வெட்டி ஒட்டினால் ஆயிற்று. மூன்றாவது பெட்டிதான் உங்கள் வாசலிலேயே நிற்கிறதே, ஒரே கிளையில் கொழுந்திலிருந்து அடியில் முற்றிய இலை வரைக்கும் எத்தனை பச்சை! மருந்தடித்த செடி வேண்டாம், அவ்வளவுதான்.

பேரை அவர்கள் மூன்று படியாகச் சொல்லித்தருவார்கள். முதலில் 'இது சிவப்பு, இது நீலம்' என்று சொல்வது மட்டும். அப்புறம் 'நீலத்தை எடு', 'சிவப்பைத் தாத்தாவிடம் கொடு'. கடைசியில்தான் 'இது என்ன?'. நம் வீடுகளில் நேராகக் கடைசிப் படிக்குத் தாவிவிடுகிறோம், விருந்தாளி வந்தால் கேட்கவே வேண்டாம்.

கண்ணாடிக்காரி

சொந்த ஊர் கூடலூர், கோவையில் கண் பரிசோதனை வேலை. தாத்தா விஷயத்தை யாரும் தொடாததால் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சிவப்பு-பச்சைக் குறைபாடு பிறவியிலேயே இருந்தால் மகளிடம் அந்த மரபணு கட்டாயம் இருக்கும். மகளுக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது, மகள் பெறும் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் எல்லாவற்றையும் பச்சை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இந்த வயதில் ஒரே பேரை எல்லாவற்றுக்கும் போடுகிற பிள்ளைகள் நிறைய.

டீச்சருக்குத் தெரியுமோ என்னவோ, உல்லன் நூல் பிரிப்பது நிறக்குறைபாட்டைக் கண்டுபிடிக்கிற பழைய சோதனையே. 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டாவில் ரயில் விபத்து நடந்த பிறகு, ஹோல்ம்கிரென் என்பவர் ரயில்வே ஊழியர்களிடம் கம்பளி நூல் கண்டுகளைக் கொடுத்து, ஒரு கண்டைக் காட்டி இந்தச் சாயலில் இருப்பதையெல்லாம் எடுங்கள் என்றுதான் சோதித்தார். நிறத்தின் பேரைச் சொல்ல வேண்டியதே இல்லை. பையன் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் நன்றாகப் பிரிக்கத் தொடங்கின பிறகு, பச்சையும் பழுப்பும், ரோஸும் சாம்பலும், ஊதாவும் நீலமும் என்று ஜோடி ஜோடியாக வைத்துப் பாருங்கள். குறைபாடு இருந்தால் நீலம் மஞ்சளில் தடுமாற மாட்டான், இந்த ஜோடிகளில்தான் மாற்றி மாற்றிப் போடுவான். வெளுத்ததும் அடர்ந்ததுமாக வைத்தால் அந்த வித்தியாசத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான், அதனால் ஒரே அடர்த்தியில் பாருங்கள். இதை வைத்து வீட்டில் முடிவு கட்ட வேண்டாம். நாலு வயதுவாக்கில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். எண் படிக்கத் தெரியாதவர்களுக்காக, வளைந்த கோட்டை விரலால் தடவிக் காட்டுகிற அட்டைகளும், புள்ளிகளுக்குள் எண் ஒளித்து நிறக்குறைபாட்டைச் சோதிக்கிற இஷிஹாரா புத்தகத்தில் உண்டு.

தேயிலைக்காட்டு அம்மா

எல்லாருக்கும் நன்றி. காரட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சிவப்பு நீலம் உருண்டை சுற்றியாயிற்று, இன்று காலை நன்றாகவே போட்டான், பேர் கேட்கவில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து 'ஊதாவை எடு கண்ணு' என்கிறாரே, அதற்கு என்ன செய்வது?

பால்வாடி டீச்சர் (குன்னூர்)

பாட்டியை மாற்றப் போகிறீர்களா என்ன! ஊதா உருண்டையை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள், அது வராத வரைக்கும் பாட்டி நீலத்தை எப்படிக் கூப்பிட்டாலும் அவனுக்குக் குழப்பம் இல்லை. நீங்களும் அவன் அப்பாவும் நீலம் என்றே சொல்லுங்கள். ப்ளூ எல்லாம் எல்கேஜியில் ஒட்டிக்கொள்ளும்.