மறு: லீட் டைமுக்கு 'ஆகுகாலம்' சரிவருமா?

அக்காவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் லீட் டைமுக்கு (ஒரு வேலை தொடங்கி முடியும்வரை ஆகும் காலம்) 'முன்னணி நேரம்' என்று போட வேண்டாம். தொழிற்கூடத்தில் யாருக்கும் அது விளங்காது. குன்னூரில் எங்கள் பட்டறைக்குத் தேயிலை ஃபேக்டரிகளில் இருந்து சிடிசி ரோலர்கள் (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் பல் உருளைகள்) பல் தீட்ட வரும். வண்டியில் இருந்து இறக்கியதும் வந்தவர் கேட்பது, "எத்தனை நாள் ஆகும்ங்க?" அதிலேயே சொல் இருக்கிறது: ஆகுகாலம். வினைத்தொகை என்பதால் திட்டமிட்ட காலத்துக்கும் பொருந்தும், ஆகி முடிந்த காலத்துக்கும் பொருந்தும்.

ஆனால் அலகையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். 'ஆகுகாலம் 6 நாள்' என்றால் எந்த நாள்? 2026 பொங்கலை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 19, திங்கள் மாலை ரோலர் தயாராக வேண்டும். தேதியை மட்டும் பார்த்துப் பின்னோக்கி எண்ணினால் 14ஆம் தேதி காலை தொடங்கினால் போதும் என்று வரும். ஆனால் 18 ஞாயிறு. 15, 16, 17 பொங்கல் விடுமுறை. 11 மறுபடி ஞாயிறு. போகியன்று வேலை உண்டு என்று வைத்தாலும், 9ஆம் தேதி காலையிலேயே ரோலர் மெஷினில் ஏறியிருக்க வேண்டும். ஐந்து நாள் வித்தியாசம்! மார்கழியில் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வந்தால் இங்கே உள்ளூர் விடுமுறை. சென்னையில் போட்ட விடுமுறைப் பட்டியலில் அது இருக்காது. அதனால் 'வேலைநாட்காட்டி' (எந்தெந்த நாளில் வேலை உண்டு என்று காட்டுவது) ஆலைக்கு ஆலை வேறு என்பது சொல்லின் விளக்கத்திலேயே வர வேண்டும்.

ஆலைகள் உற்பத்தியைத் திட்டமிடப் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளில் ஆலைக்கு உள்ளே செய்யும் பொருளுக்கு வேலைநாள் கணக்கு, வெளியே வாங்கும் பொருளுக்குக் காலண்டர் நாள் கணக்கு. இரண்டையும் வெறும் 'நாள்' என்று மொழிபெயர்த்தால் திட்டமிடுபவர் தவறான தேதியைத்தான் வாடிக்கையாளருக்குச் சொல்வார். என் பரிந்துரை: வேலைநாள், தேதிநாள்.

அப்புறம் ஒரு சிக்கல். கொழுந்தை வாட்டப் போட்டால் பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் ஆகும். ஆள் வீட்டுக்குப் போனாலும் இலை வாடிக்கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்துக்கு வேலைநாட்காட்டி பொருந்தாது. அதற்கு என்ன சொல்?

---

தம்பிக்கு,

ஆகுகாலம், வேலைநாட்காட்டி இரண்டும் எனக்குச் சம்மதம். தேதிநாள் வேண்டாம், தேதியும் நாளும் ஒன்றையே சொல்கின்றன. 'காலண்டர் நாள்' எல்லோர் வாயிலும் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

கடைசிக் கேள்விக்கு: மெஷின் காலியாகட்டும் என்று வரிசையில் நிற்பது வேறு, இலை வாடுவது வேறு. முதலாவதை 'வரிசைநேரம்' எனலாம். அடுத்ததற்கு, நாம் வாடவிடுகிறோம், ஆறவிடுகிறோம், பெயின்ட் அடித்தால் காயவிடுகிறோம். எல்லாவற்றிலும் 'விடு' இருக்கிறதே, 'விடுநேரம்' என்று வைக்கலாமா? விடுமுறையோடு குழம்பும் என்று யாருக்காவது பட்டால் பட்டியலில் ஏற்றும் முன் எழுதுங்கள்.