பின்சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்: விடியற்காலை நாற்றத்துக்கு என்ன வழி?

பின்கட்டு (கேள்வி)

எங்கள் வீட்டுப் பின்சுவரிலிருந்து நாற்பதடியில் பாதாள சாக்கடை பம்பிங் ஸ்டேஷன். இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பக்கத்துப் புதிய நகர்களையும் இதில் இணைத்தார்கள், அன்றிலிருந்து தொல்லை. அழுகிய முட்டை நாற்றம். பகலில் அவ்வளவாக இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்சப் போனால் அடுப்படி ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே இருக்கும், பிறகு மெல்லக் குறையும்.

மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. தலைவலி, குமட்டல் என்று காலையில் காபி கூட வேண்டாம் என்கிறார். வெள்ளிக்கிழமை துலக்கி வைத்த வெள்ளி விளக்கு செவ்வாய்க்கிழமைக்குள் கறுத்துவிடுகிறது. ஏசியில் இரண்டு முறை கேஸ் போய்விட்டது. மெக்கானிக் காயிலைக் கழற்றிக் காட்டினார், செம்பெல்லாம் கரிபிடித்த மாதிரி இருந்தது.

புகார் கொடுத்தால் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போகிறார்கள். வாசனைத் திரவம் தெளிக்கும் மெஷின் வைக்கலாம் என்கிறார் ஒருவர், சாக்கடைத் தண்ணீர் வந்து சேரும் கிணற்றை இறுக்க மூடிவிடலாம் என்கிறார் இன்னொருவர். நாங்கள் எதைக் கேட்டு வாங்குவது? மூடியைத் திறந்து போட்டோ எடுத்துக் கொடுத்தால் வேலை நடக்குமா என்று என் கணவர் கேட்கிறார்.

மேற்குத்தெரு

எங்கள் பகுதியில் வாயு வெளியேறும் வென்ட் குழாயை இருபதடி உயர்த்தினார்கள். ஒட்டியிருந்த வீடுகளுக்குக் குறைந்தது. காற்று திரும்பும் நாளில் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் புகார் சொல்கிறார்கள். வாசனைத் திரவத்தைக் கேட்காதீர்கள். மல்லிகையும் சாக்கடையும் கலந்து வரும், அது இன்னும் மோசம்.

பழைய ஆபரேட்டர்

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கணவரை அந்த மூடிப் பக்கம் போகவே விடாதீர்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்கு நன்றாகத் தெரியும். நூறு பங்கு ஆனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். ஐந்நூறு, எழுநூறு என்று ஏறினால் ஆள் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சல்லடைத் தொட்டியில் குனிந்து சிக்கியிருந்த துணியை இழுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நாற்றமே இல்லை. நல்ல காற்று வருகிறது போல என்று நினைத்தேன். பின்னால் நின்ற பெரியவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார். கால் மணி நேரம் வாந்தி எடுத்தேன். காற்றெல்லாம் ஒன்றும் வரவில்லை, என் மூக்குதான் செத்திருந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்கள் புகார் கொடுக்கும்போது, தயவுசெய்து "ஆளை இறக்கிச் சுத்தம் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இனி நாற்றத்துக்கு வருகிறேன். புதிதாக ஓடிவரும் சாக்கடைத் தண்ணீருக்கு முட்டை நாற்றம் கிடையாது. தேங்கி, ஆக்சிஜன் தீர்ந்த பிறகு, குழாய்ச் சுவரில் படிந்த வழுவழுப்பான படலத்தில் இருக்கும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள சல்பேட்டை எடுத்துச் சல்ஃபைடாக மாற்றுகிறது. நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். எவ்வளவு நேரம் தேங்குகிறது என்பதுதான் கணக்கு.

நீங்கள் சொன்ன ஐந்து மணிதான் எனக்குப் பொறி தட்டியது. புதிய நகர்களின் தண்ணீர் வேறொரு சின்ன ஸ்டேஷனிலிருந்து பம்ப் செய்யப்பட்டு உங்கள் ஸ்டேஷன் கிணற்றில் விழுகிறதா? அங்கே இரவில் பம்பை நிறுத்திவிட்டுக் காலையில் போடுகிறார்களா? இரண்டு கிலோமீட்டர் நீளம், 300 மில்லிமீட்டர் குழாய் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் நிற்கும். முழுக்க நிரம்பிய குழாய், துளி காற்று கிடையாது. இரவெல்லாம் அழுகிய அந்தத் தண்ணீர் காலையில் மொத்தமாக வந்து விழும். உயரத்திலிருந்து விழுந்தால் சோடா பாட்டிலைக் குலுக்கின மாதிரி வாயு வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் காற்று அசைவும் இருக்காது, தரையோடு உங்கள் அடுப்படிக்கு வரும்.

இதை விசாரித்துச் சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். அவர்களுடைய பம்ப் ஓடிய நேரப் பதிவேட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் மறுக்க முடியாது.

பின்கட்டு

ஐயா, ரொம்ப நன்றி. என் கணவரிடம் படித்துக் காட்டினேன், போகமாட்டேன் என்றுவிட்டார். இளநிலைப் பொறியாளர் ஒருவர் பொறுமையாகப் பேசினார். நீங்கள் சொன்னதுதான். இரவு பத்து மணிக்கு அங்கே பம்பை நிறுத்தி, காலை நாலே முக்காலுக்குப் போடுகிறார்கள். குழாய் எட்டடி உயரத்திலிருந்து கிணற்றில் கொட்டுகிறதாம். சல்லடைக் குப்பையையும் எங்கள் சுவரோரம்தான் குவிக்கிறார்கள். இப்போது எதை முதலில் கேட்கட்டும்?

பழைய ஆபரேட்டர்

செலவு குறைந்ததை முதலில் கேளுங்கள். அந்தச் சின்ன ஸ்டேஷனில் இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் பம்பைப் போடட்டும், தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கட்டும். உங்கள் கிணற்றிலும் பம்ப் ஓடத் தொடங்கும் நீர்மட்டத்தைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். சராசரி வரத்துக்குக் கிணற்றில் 30 நிமிடத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுப் பாதாள சாக்கடைக் கையேட்டிலேயே இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது அந்த எட்டடி. குழாய் வாயைக் கீழே நீட்டி, கிணற்றின் தாழ்ந்த நீர்மட்டத்துக்கும் கீழே முடிகிற மாதிரி செய்தால் கொட்டுவது நின்றுவிடும். என் அனுபவத்தில் பாதி நாற்றம் இந்த ஒரு வேலையில் போன இடம் உண்டு. சல்லடைக் குப்பை மூடிபோட்ட டிரம்மில் போய், அன்றன்றைக்கே லாரி ஏற வேண்டும்.

மருந்து போடுவதானால் கால்சியம் நைட்ரேட், அதாவது வயலுக்குப் போடும் அதே உரம்தான். பாக்டீரியா சல்பேட்டை விட்டுவிட்டு நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும். ஆனால் குழாய் தொடங்கும் அந்தச் சின்ன ஸ்டேஷனில் போட வேண்டும். உங்கள் கிணற்றில் கொட்டினால் பயன் குறைவு, அங்கே வருவதற்குள் வாயு உண்டாகிவிட்டது.

கிணற்றை வெறுமனே மூட மட்டும் சம்மதிக்காதீர்கள். உள்ளே அடைபட்ட வாயு ஈரச் சுவரில் படிந்து கந்தக அமிலமாகும், கான்கிரீட்டைத் தின்று கம்பி வெளியே தெரியும். மூடினால் உள்ளே உள்ள காற்றை மின்விசிறி வைத்து உறிஞ்ச வேண்டும். மணிக்குப் பன்னிரண்டு முறை காற்று மாற வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஆறு மீட்டர் விட்டக் கிணறு, தண்ணீருக்கு மேலே நாலு மீட்டர் வெற்றிடம் என்றால் மணிக்குச் சுமார் 1,350 கன மீட்டர். அந்தக் காற்றைத் தேங்காய் நாரும் மரச் சில்லும் நிரப்பிய படுகைக்குள் அடியிலிருந்து விட்டால், நாரில் வளரும் வேறு பாக்டீரியா வாயுவைத் தின்றுவிடும். முக்கால் நிமிடமாவது காற்று உள்ளே தங்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் நாலு மீட்டருக்கு நாலே கால் மீட்டர் இடம் போதும், ஒரு கார் நிறுத்துமிடத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

பின்கட்டு (மூன்று மாதம் கழித்து)

இரவு பம்பிங் ஆரம்பித்தார்கள், குழாயையும் நீட்டிவிட்டார்கள். ஐந்து மணி நாற்றம் இப்போது பத்து நிமிடம்தான், அதுவும் தினமும் இல்லை. விளக்கு மூன்று வாரமாகக் கறுக்கவில்லை. மாமியார் நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்தார். நார்ப் படுகைக்கு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். பொறியாளர் கேட்கச் சொன்னார்: கோடையில் நார் காய்ந்துவிடாதா?

பழைய ஆபரேட்டர்

காயும், காய்ந்தால் பாக்டீரியா செத்துவிடும். மேலே சொட்டுநீர்க் குழாய் போட்டு டைமர் வைக்கட்டும். வாரம் ஒருமுறை ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி நாரை எடுத்துப் பிழிய வேண்டும். கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அடியில் வடிகால் வைத்து அந்த நீரைக் கிணற்றிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், அது அமிலமாக இருக்கும். சில வருடத்தில் நார் மட்கி அமுங்கிவிடும், மாற்றும் செலவையும் மதிப்பீட்டிலேயே இப்போது சேர்த்துக்கொள்ளட்டும்.