மார்த்தா வீட்டு அடுக்களை: வெலாஸ்கெஸ் ஓவியம் பற்றி ஓர் ஐயம்

கேள்வி, பினாங்கு:
மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு லூக்கா நற்செய்தி 10:38-42 பகுதியை (வீட்டுக்கு வந்த இயேசுவின் சொல்லைச் சகோதரி மரியா அமர்ந்து கேட்க, மார்த்தா பணிவிடையில் மூழ்கியிருந்த நிகழ்வை) விளக்க, ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1618 அளவில் வரைந்த ஓவியத்தைக் காட்ட விரும்புகிறேன். முன்னால் மீனும் முட்டையும் பூண்டுமாக அடுக்களையே நிறைந்திருக்க, இயேசு மூலையில் சிறிதாகத் தெரிவது ஏன்?

மறுமொழி, கோலாலம்பூர்:
அக்கா, அன்றாட அடுக்களை வேலையைப் பெரிதாக முன்னிறுத்தி, விவிலியக் காட்சியைப் பின்னால் வைப்பது அக்காலத்தில் வழக்கிலிருந்த முறைதான். அப்போது வெலாஸ்கெஸுக்கு வயது ஏறத்தாழ 19. இயேசு தெரியும் அந்த மூலைச் சதுரம் சுவர்த் திறப்பா, கண்ணாடியா, மாட்டிய படமா என்று அறிஞர்கள் வாதிட்டாலும், எனக்குத் திறப்பாகவே படுகிறது.

மறுமொழி, பட்டர்வொர்த்:
பித்தளை உரலில் இடிக்கும் பெண்ணின் சிவந்த கைகளையும், அருகில் கிடக்கும் காய்ந்த மிளகாயையும் காட்டுங்கள், சகோதரி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது உடனே புரியும். பின்னால் விரல் நீட்டும் மூதாட்டி அவளைக் கண்டிக்கிறாரா, தேற்றுகிறாரா என்று அவர்களிடமே கேளுங்கள். ஓவியம் 1892 முதல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது.